அந்தித் தட்டான்

இதை எழுதாமலே விட்டுவிடலாம் என்றுதான் இருந்தேன். மூன்றாம் படிவத்தோடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். பேனாவைவிட வாய்தான் எனக்குப் பழக்கம். அதிலும் இது அந்த வாயே அடைத்துப்போன சங்கதி.

எண்பதுகளில் ஈஜோக் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தில் இருந்தோம். எனக்குப் பத்தொன்பது வயது. ரவாங்கில் ஒரு தொழிற்சாலையில் வேலை கிடைத்திருந்தது. அங்கே மற்ற பையன்களோடு ஒரே அறையில் வரிசையாகப் பாய் போட்டுத் தூங்க வேண்டும். எனக்கோ இரவில் பாய் நனைந்துவிடும். அம்மாவைத் தவிர யாருக்கும் தெரியாது. லயத்து வரிசை வீடுகள் விழிப்பதற்குள் அலசிக் காயப்போட்டுவிடுவார்.

கம்பம் என்று சொல்லும் பக்கத்துக் கிராமத்து மலாய்க்கார அம்மா ஒருவர் என் அக்காவிடம் சொன்னது காதில் விழுந்தது. தட்டானைப் பிடித்துத் தொப்புளில் கடிக்கவிட்டால் பிள்ளைகள் படுக்கையை நனைப்பது நின்றுவிடுமாம். அக்காவுக்குச் சின்ன மகன் ஒருவன் இருந்தான். அவன் பேரைச் சொல்லி என் கூட்டாளியிடம் போனேன். செம்பனைக் குலை ஏற்றும் லோரியில் வேலை செய்தவன். கொஞ்ச நாளைக்கு முன்பு அவன் பெண்கள் முன்னால் வழுக்கிச் சாக்கடையில் விழுந்ததை, அதே மாதிரி விழுந்து காட்டி லயத்தையே சிரிக்க வைத்திருந்தேன் நான்.

"பகல்ல பறக்கறது சின்னது லா, கடிச்சாலும் தெரியாது. பொழுது சாயறப்ப ஒன்னு வரும் பாரு, பெருசா, அதான் வேணும்" என்றான்.

அந்த வகைத் தட்டான் பகலெல்லாம் செம்பனை மட்டைகளுக்குள் இருட்டில் தொங்கிக் கிடக்கும். சூரியன் இறங்கியதும் வாய்க்கால் மேல் கொசு தின்ன வரும். வீடுகளில் விளக்கு வைக்கும் நேரத்தில் மீன் அள்ளும் வலையோடு நின்றோம். பழுப்பு உடம்பு, தலை முழுக்கக் கண். சர்ரென்று காதை உரசிப் போய்த் திரும்பியது. அவன் வீசிய வலை காற்றைத்தான் அள்ளியது.

"ஏன்டா விசிறி விடற? அதுக்கு வேர்க்குதா?" என்றேன்.

"வாய மூடு, அது உள்ள பூந்துடப் போவுது."

ஒன்று சிக்கியது. இறக்கைகளைச் சேர்த்துப் பிடித்தான். அது வாயைத் திறந்து திறந்து மூடியது.

"ஓடு, பையன தூக்கிட்டு வா. உசுரோட இருக்கறப்பவே கடிக்கணும்."

நான் நகரவில்லை.

"என்னடா, நட்டு வெச்ச மாதிரி நிக்கற?"

"அவனுக்கு இல்லடா."

"பின்ன யாருக்கு?"

என் வாயில் ஒரு கிண்டல்கூட வரவில்லை. காது சுட்டது. அவன் என் முகத்தையே பார்த்தான். நாளை லோரி கிளம்புவதற்குள் நான் பாயில் படுத்திருப்பதை அவன் லயம் முழுக்க நடித்துக் காட்டுவான் என்று நினைத்தேன். அவன் இடத்தில் நான் இருந்தால் அதைத்தான் செய்திருப்பேன். அது தெரிந்தபோது இன்னும் கூசிப்போனேன்.

"ரவாங் போவணும்டா. யார்கிட்டயும் சொல்லிடாத."

"சட்டைய தூக்குடா, இருட்டுது."