ரஹ்மத் அக்கா எடுத்த லேசான பந்து

குளச்சலிலிருந்து ரஹ்மத் அக்காவின் மகள் நஸ்ரின் கூப்பிட்டபோது நான் கொட்டாரம் வீட்டில் மகளுக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தேன். "ஆன்ட்டி, உம்மா மவுத்தாயிட்டாங்க" என்றாள். இறந்த நாற்பதாம் நாள் பாத்திஹா ஓதி முடிந்த பிறகே எழுத முடிகிறது. மஸ்கட்டில் நம் அலுவலகத்துப் பெண்கள் பவுலிங் அணியில் ரஹ்மத் அக்காவோடு ஆடிய உங்களுக்கு, நஸ்ரினின் சம்மதத்தோடு, ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஆட வந்த புதிதில் நான் பளபளக்கும் நீலப் பந்து ஒன்றை அழகுக்காக எடுத்தேன். அது பந்து உருட்டும் லேனில் பூசியிருந்த எண்ணெயில் வளையாமல் வழுக்கிக்கொண்டே போய், ஒரு கட்டையையும் சாய்க்காமல் ஓரத்துப் பள்ளத்தில் விழுந்தது. அணித் தலைவியான அக்கா சிரித்தார். "எண்ணெ தேச்ச பிள்ளைய வெறுங்கையால பிடிச்சா நிக்குமாட்டி? சொரசொரப்பான துண்டு வேணும்லா. பந்தைப் பாக்காத மக்கா, முதல்ல லேனைப் பாரு." லேனில் எண்ணெய் மிகுந்திருந்தால் பிடிப்புள்ள சொரசொரப்பான பந்து, காய்ந்திருந்தால் வழுவழுப்பான பந்து. அக்காவிடம் இரண்டும் சொந்தமாக இருந்தன. இரண்டுமே பதினான்கு பவுண்டு.

கடைசிப் போட்டியில் அவற்றைப் பையிலேயே விட்டுவிட்டு, அங்கே அடுக்கியிருந்ததிலிருந்து பத்து பவுண்டுப் பந்தை எடுத்தார். "என்ன அக்கா, சின்னப்பிள்ளைக்க பந்தா?" என்று நம்மில் ஒருத்தி கேலி செய்தாள். "லேன் காய்ஞ்சு கெடக்கு, அதான்" என்றார். எல்லோரும் நம்பினோம். திரும்பி வந்த என் பந்தைத் துடைத்தேன். துண்டெல்லாம் எண்ணெய். லேன் காய்ந்தே இருந்தாலும் மாற வேண்டியது பந்தின் வழுவழுப்பு, எடை அல்ல. அக்காவைத் தனியே கூப்பிட்டுக் கேட்டேன்.

"கையில பெலன் இல்லட்டி."

மார்பில் புற்றுக்கட்டி. உடனே அறுவை செய்ய வேண்டும் என்று மருத்துவர் சொல்லிச் சில வாரங்கள் ஆகியிருந்தன. கணவர் இல்லாத வீடு. நஸ்ரினின் விசா அக்காவின் வேலையை நம்பி இருந்தது.

"டீமை விட்டா ஏன்னு கேப்பாவ. ஆபீசுக்குத் தெரிஞ்சா ஊருக்கு அனுப்பிருவாவ. பிள்ளைக்க பிளஸ் டூ முடியட்டு."

"அடுத்த வருஷம் எழுதலாம்லா அக்கா."

"உனக்கு ஒண்ணு பொறக்கட்டு. அப்பம் பேசு."

யாரிடமும் சொல்லாதே என்று என் கையைப் பிடித்தார். அந்தப் பிடியில் வலுவே இல்லை. பிறகு போய்க் கடைசி ஆட்டம் வரை ஆடினார். பரீட்சை முடிந்து இருவரும் குளச்சல் வந்து சேர்ந்தபோது நோய் எலும்புக்குள் இறங்கியிருந்தது.

பாத்திஹா அன்று, வந்தவர்கள் கலைந்த பிறகு நஸ்ரின் என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"உம்மாக்கு எப்பம் தெரியும் ஆன்ட்டி?"

மறைக்க மனம் வரவில்லை. கடைசிப் போட்டியன்று அக்கா சொன்னதையெல்லாம் சொன்னேன். அவள் அழவில்லை.

"என் பரீட்சைதானே. ஒரு வார்த்தை என்கிட்ட கேட்டிருக்கலாம்லா."

அக்காவின் துணிச்சல் எனக்கு வராது. அக்கா மகளிடம் கேட்காமல் போன அந்த ஒரு வார்த்தைதான் என்னிடம் தங்கிவிட்டது. என் மகளுக்காக எதையாவது முடிவு செய்யும்போதெல்லாம் அவள் முகத்தைப் பார்த்துக் கேட்டுவிடுகிறேன். ஒன்றரை வயதுப் பிள்ளை, பதில் சொல்லத் தெரியாது. இருந்தாலும் கேட்கிறேன்.