வாய்க்கும் கைக்கும் நடுவே ரெண்டு விரக்கடை

நான் கோவில்பட்டியில பிசியோதெரபி பாக்குதேன். பதினோரு வருசமாச்சு. எனக்கு வாய் கொஞ்சம் நீளம், பொறுமை ரொம்பக் கம்மி. கையில இருக்குற நிதானம் வாயில கிடையாது. அதனால ஒரு மனுசியோட கை போச்சு. அதைத்தான் சொல்ல வாரேன்.

பசுவந்தனைப் பக்கத்துல இருந்து ஒரு அக்கா வந்தாவ. தை மாசம் உளுந்துச் செடி ஏத்தின டிராக்டர்ல இருந்து விழுந்து வலது முழங்கை உடைஞ்சிருந்தது. மாவுக்கட்டைப் பிரிச்சாச்சு, எலும்பும் சேர்ந்துட்டு. மூட்டுதான் துருப்பிடிச்ச கீலு மாதிரி நின்னுபோச்சு. கையை எவ்வளவு மடக்கினாலும் விரல் தாலிச் செயினுக்கு மேல வரலை. வீட்டுல எல்லாரும் சாப்பிட்டு எந்திரிச்ச பெறகு, இடது கையில ஸ்பூனைப் பிடிச்சுத் தனியாச் சாப்பிட்டுட்டு இருந்தாவ.

"வைகாசியில மக கல்யாணம் தாயி. சம்பந்தக்காரவிய கூடப் பந்தியில உக்காரணும்லா? அவிய முன்னால பீச்சாங்கையால அள்ளித் திங்கவா?"

அதுக்குள்ள கை வாய்க்கு வந்துரணும். அவிய கேட்டது அது ஒண்ணுதான்.

வாரத்துல மூணு நாள் பஸ் ஏறி வந்தாவ. மேசையில படுக்கவச்சு, மேல்கையை ஒரு கையால அமுக்கிப் பிடிச்சுக்கிட்டு, முன்கையை மெதுவா இழுத்து மூட்டுக்குள்ள கொஞ்சம் இடைவெளி கொடுக்கணும். அப்படியே பிடிச்சிருந்து விடணும். திரும்பவும் இழுக்கணும். எலும்பு நகருறது என் கைக்குத் தெரியும், பாக்குறவன் கண்ணுக்குத் தெரியாது. வலிக்கு முன்னாலயே நிறுத்திரணும். புண்பட்ட முழங்கையை முரட்டுத்தனமா மடக்கினா, சதைக்குள்ளயே புது எலும்பு முளைச்சிரும். படிக்கும்போதே எங்க தலையில அடிச்சு அடிச்சுச் சொல்லிக்கொடுத்த விசயம் அது.

மாசி கடைசியில விரல் கழுத்துக்கு வந்தது. பங்குனியில தாடையைத் தொட்டது. வாய்க்கு இன்னும் ரெண்டு விரக்கடைதான் பாக்கி. அன்னைக்கு அந்த அக்கா சிரிச்ச சிரிப்பு இருக்கே! "பருப்புச் சோறு உருட்டி முதல் வாய் உங்களுக்குத்தான் தாயி"ன்னாவ. எனக்கும் தலைகால் புரியலை.

அந்த வாரம்தான் அவிய வீட்டுக்காரர் கூட வந்தாரு. பருத்தி வெடிச்சுக் கெடக்கு, பத்திரிகை வேற வைக்கணும், இனி அலைய ஏலாது, வீட்லயே செய்ய சொல்லிக்கொடுங்கன்னாரு. சொல்லிக்கொடுத்தேன். பக்கத்துல நின்னு பாத்துட்டு, "இவ்வளவுதானா? சும்மா பிடிச்சிட்டு நிக்கீங்க. இதுக்கா நாங்க பஸ் ஏறி வந்தோம்?"னு கேட்டாரு.

எனக்குச் சுர்ருன்னு வந்துட்டு. வெளியே ஆறு பேரு காத்துக் கெடக்காவ. "அண்ணாச்சி, சொன்னதை மட்டும் செய்யுங்க. கொஞ்சம் வலிக்கத்தான் செய்யும், அக்கா அழுதாவன்னு விட்டுராதீங்க"ன்னு வெடுக்குன்னு சொல்லிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டேன். மெதுவா, வலிக்கு முன்னால நிறுத்தணும்னு எத்தனை மட்டம் சொல்லியிருப்பேன். கடைசியாச் சொன்னதுதான் அவர் காதுல நின்னது. நம்ம ஊர்ல சுளுக்கு நீவுறவர்கிட்ட போனாலும், கத்த வச்சாத்தான் கைராசிக்காரர்னு பேரு. அது எனக்குத் தெரியாதா? நானும் இந்த ஊர்க்காரிதானே.

மூணு வாரம் கழிச்சு வந்தாவ. முழங்கை வீங்கி, தொட்டா அடுப்புக்கல்லாச் சுட்டுது. உள்ளே கட்டையா இருந்தது. விரல் பழையபடி தாலிச் செயின்கிட்டயே நிக்குது. எக்ஸ்ரே படம் எடுத்துப் பாத்தா, மூட்டுக்கு முன்னால சதைக்குள்ள வெள்ளையாப் புகை மாதிரி புது எலும்பு. தினமும் காலையும் சாயங்காலமும் நல்லெண்ணெயைக் காய்ச்சி ஊத்தி, மேல்கையில தன் கால் முட்டியை ஊனிக்கிட்டு மடக்கியிருக்காரு வீட்டுக்காரர்.

"மனுசனாய்யா நீரு? அவிய கத்தினது உம்ம காதுல விழலையா?"ன்னு கத்தினேன்.

அவர் கோவப்படலை. "விழுந்துது டாக்டரம்மா. நீங்கதானே விட்டுராதீங்கன்னீங்க. அவ அழும்போது நானும் அழுதுக்கிட்டேதான் மடக்கினேன்"ன்னாரு.

எலும்பு டாக்டர் படத்தைப் பாத்துட்டு, ஒரு வருசமாவது போகட்டும், பெறகு அறுத்துப் பாக்கலாம், சரியாகும்னு உறுதி சொல்ல முடியாதுன்னுட்டாரு. அக்கா என்னை ஒரு வார்த்தை கேக்கலை. கேட்டிருந்தாக்கூட மனசு ஆறியிருக்கும். நாலு நாள் கழிச்சுக் கல்யாணப் பத்திரிகைதான் வந்தது.

போகாம இருக்க முடியலை. பந்தி நேரத்துல மாப்பிள்ளையோட அம்மா, "வாங்க மதினி, சேர்ந்து உக்காருவோம்"னு கையைப் பிடிச்சு இழுத்தாவ. "எனக்கு இன்னைக்கு விரதம் மதினி. நீங்க உக்காருங்க, நான் பரிமாறச் சொல்லுதேன்"னு அக்கா சிரிச்சுக்கிட்டே நழுவிட்டாவ. மக கல்யாணத்தன்னைக்கு என்ன விரதம்னு அந்தம்மா முகம் சுண்டிப்போச்சு.

இலையைப் பாதியில மூடிட்டு எந்திரிச்சேன். கை கழுவப் பின்பக்கம் போனேன். சமையல்கட்டுக்கு அந்தப் பக்கம், காலி அரிசி மூடைகளுக்கு நடுவுல, சுவரைப் பாத்து அக்கா உக்காந்திருந்தாவ. மடியில ஒரு இலை. காலடிச் சத்தம் கேட்டதும் சட்டுன்னு இலையை மடிச்சு, இடது கையைப் பட்டுச்சேலை முந்தானைக்குள்ள மறைச்சுக்கிட்டாவ.

திரும்பிப் பாத்து நான்தான்னு தெரிஞ்ச பெறகும் கையை வெளியே எடுக்கலை. "சாப்டீங்களா தாயி?"ன்னு கேட்டாவ.