நாளைக்குப் போய்விட்டு வந்தவர்

அப்பாவும் மகளும் கடைசியாகச் சேர்ந்து செய்த வேலை, சமையலறைக் குழாய்க்கு வாஷர் மாற்றியது. அவர் டார்ச் பிடித்தார். அவள் திருகினாள். தண்ணீரைத் திறக்கும் முன்பே அவர் கையைத் துடைத்துக்கொண்டார்.

“கசிவு நின்னுடுச்சு.”

“இன்னும் வால்வே திறக்கலப்பா.”

“நான் நாளைக்குப் போய்ப் பாத்துட்டுதான் வந்தேன். சொட்டல.”

சொட்டவில்லைதான். அந்த வெள்ளிக்கிழமை, வேலைக்குப் போன இடத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை.

முப்பத்தொரு வருடம் லிஃப்ட் மெக்கானிக். ஊரையே ஏற்றி இறக்கியவர் குடியிருந்தது லிஃப்ட் இல்லாத நான்காவது மாடியில். அம்மா முழங்காலைப் பிடித்துக்கொண்டு படிக்குப் படி நின்று ஏறுவாள்.

வேலைகளுக்கு நடுவே அவர் ஒரு மொழியைக் கட்டினார். காலத்தில் முன்னும் பின்னும் போய் வருபவர்களுக்கான மொழி. ஒவ்வொரு வினைச்சொல்லுக்கும் இரண்டு வால். ஒன்று, சொல்பவருக்கு அது நடந்துவிட்டதா என்று சொல்லும். மற்றது, ஊருக்கு நடந்துவிட்டதா என்று. மகள் மின்பொறியியல் படித்தபோது அவளுக்கு ஒரு நாள் முழுதாக விளக்கினார். அவள் சிரித்தாள். அம்மா சிரிக்கவில்லை.

“அடுத்தவங்களுக்குப் புரியக்கூடாதுன்னு எழுதினா, உள்ள ஏதோ இருக்கு.”

அவர் போய்ப் பதினைந்தாம் நாள், அந்த மொழியில் அவர் எழுதிய கடைசி நோட்டை அம்மா மகள் முன்னால் போட்டாள்.

“படி.”

அவர் எழுதிவைத்த சொற்பட்டியலை வைத்துக்கொண்டு மகள் கடைசிப் பக்கத்தை ஒவ்வொரு சொல்லாகப் படித்தாள். “படியில்லாத வீட்டைத் திறந்தேன். அவள் உள்ளே வந்தாள். சாவியைக் கொடுத்தேன். சிரித்தாள்.”

“எவ அவ?”

மகள் அந்த வரியை மறுபடி பார்த்தாள்.

“வியாழக்கிழமையானா லேட்டு. கேட்டா லிஃப்ட் நடுவுல நின்னுடுச்சும்பாரு. எந்த வீட்டுல நின்னுச்சோ.”

மகளுக்கும் உறுத்தியது. சில மாதங்களாக வியாழன் மாலைகளில் அவர் போன் அணைந்தே கிடந்தது. கோளாறான இயந்திரத்தைப் பார்ப்பதுபோல, தெரிந்த இடத்திலிருந்து தொடங்கினாள். முந்தைய பக்கத்துக்குத் திருப்பினாள். “குழாய்க் கசிவு நின்றது.” வாஷர் மாற்றியதற்கு முந்தைய நாள் தேதி. அதற்கு முன்னால் இருந்தவையும் அப்படியே. எல்லாவற்றிலும், கடைசிப் பக்கத்திலும், அதே வால்கள்: அவருக்கு நடந்தது, ஊருக்கு இன்னும் இல்லை. கம்பெனிப் பதிவேட்டிலும் வேலைக்கு முன்பே ‘முடிந்தது’ என்று எழுதி ஒருமுறை மெமோ வாங்கியவர் அவர். “எழுதிட்டா செய்யாம இருக்க முடியாது” என்பார்.

“அம்மா, இது இன்னும் நடக்கல.”

“அவருக்கு நடந்திருக்கே. அன்னிக்கு உனக்குச் சொன்னப்ப நானும் கேட்டுட்டுதான்டி இருந்தேன்.” அம்மா நோட்டைத் தள்ளினாள். “நடக்கலன்னா, எவளோ ஒருத்தி காத்துட்டிருக்கான்னு அர்த்தம்.”

கம்பெனி திருப்பிக் கொடுத்த பை கதவருகே கிடந்தது. இருவரும் அதைத் தொட்டதில்லை. மகள் இப்போது அதைப் பிரித்தாள். உள்ளே இருந்த சட்டையின் பாக்கெட்டில், வியாழக்கிழமை தேதி போட்ட சாவிக்கடைச் சீட்டு ஒன்று இருந்தது. மூன்று நகல், சனிக்கிழமை வாங்கிக்கொள்ளவும்.

அம்மா கண்ணாடி போட்டு அதை இரண்டு முறை படித்தாள்.

“ஒருத்திக்குன்னா ரெண்டு போதுமே. மூணு எதுக்கு?”

மகள் அவளையே பார்த்தாள். அம்மா சீட்டை மடித்து, பிரித்து, மறுபடி மடித்தாள். கை தானாக முழங்காலுக்குப் போனது.

“நான் சிரிச்சேனாமா?”

அந்தச் சனிக்கிழமை போய் இரண்டு வாரமாகப் போகிறது. சாவிகள் கடையிலேயே இருக்கின்றன.