தட்டில் போட்ட சிலுவை

திருப்பரங்குன்றத்திலிருந்து பஸ் ஏறி வரும் செபஸ்தியம்மாள், மதுரையில் ஓர் ஆஸ்பத்திரி லேபில் பதினோரு வருஷமாகக் கழுவித் துடைக்கிறாள். கிருமியின் பெயரைக் கண்டுபிடிக்கும் மிஷினுக்குள் போகிற எஃகுத் தட்டைக் கழுவுவதும் அவள்தான்.

அன்று காலை, ரத்தத்தில் கிருமி ஏறிக் கிடந்த ஒரு குழந்தையின் தாய் வராந்தாவில் அழுவதைப் பார்த்தாள். மனசு கேட்கவில்லை. கழுவிக் காய்ந்த தட்டில், வேளாங்கண்ணி மாதா கோயில் எண்ணெய் தொட்ட கட்டைவிரலால் ஒரு சிலுவை போட்டுவைத்தாள்.

டெக்னீஷியன் ஜெனி கிருமியை அந்தத் தட்டில் தடவி மிஷினுக்குள் அனுப்பினாள். பெயர் வரவில்லை. மறுபடி தடவியும் வரவில்லை. பெயர் தெரியாமல் டாக்டர் சரியான மருந்து கொடுக்க முடியாது. தான் வைத்த எண்ணெய்தான் காரணமோ என்று செபஸ்தியம்மாளுக்குத் தோன்றியது. சொன்னால் வேலை போகும். சொல்லாவிட்டால் அந்தப் பிள்ளை? மாதாவை நினைத்துக்கொண்டு ஜெனியிடம் போனாள்.

"பாப்பா, தட்டுல எண்ணெ வச்சுட்டேன். அந்தப் பிள்ளைக்கு வேண்டித்தான் வச்சேன்."

ஜெனி மிஷினிலிருந்து தட்டை வெளியே எடுத்தாள். "எம்புட்டு வச்சீங்கக்கா?"

"விரல் நுனிதான்."

"கிருமியையும் உங்க எண்ணெயயும் கலந்து குடுத்தா மிஷின் முழிக்கத்தான் செய்யும். வேற தட்டு எடுங்க."

புதுத் தட்டில் ஜெனி குச்சி நுனியால் மெல்லிசாகத் தடவி, மேலே துளி அமிலம் விட்டுக் காயவைத்தாள். செபஸ்தியம்மாள் கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள். உதடு மட்டும் அசைந்தது.

பெயர் வந்தது. ஜெனி வார்டுக்கு போன் போட்டுச் சொன்னாள்.

"பாப்பா, என் வேலை?"

"இருக்குக்கா. மொதல்ல அந்தத் தட்டக் கழுவுங்க."

மூன்று தடவை கழுவினாள். காய்ந்த தட்டைக் கட்டைவிரல் படாமல் ஓரத்தில் பிடித்து எடுத்துவைத்தாள்.