கடல் தெரியும் அறை

கொழும்பு அலுவலகத்தைக் கொஞ்ச நாள் மறக்கவென்று பருத்தித்துறைக்குப் பக்கத்தில் ஒரு கடற்கரை விடுதிக்கு வந்திருக்கிறேன். கடல் தெரியும் அறைதான் வேண்டுமென்று கேட்டு எடுத்தேன். ஆனால் தினமும் காலையில் அறை கூட்ட வரும் றீற்றா அக்கா முதல் வேலையாகத் திரைச்சீலையை இழுத்து மூடிவிடுகிறார். துடைத்து முடித்துப் போகும்போதுதான் திறக்கிறார். வெயிலுக்காக்கும் என்று எரிச்சலை அடக்கிக்கொள்கிறேன்.

மூன்றாம் நாள் கடல் கொந்தளிக்கிறது. குளிக்க வேண்டாமென்று கரையில் சிவப்புக் கொடி. நான் முகம் தொங்கிப்போய் உட்கார்ந்திருக்க, அக்கா திரையை அகலத் திறந்துவிட்டு, மெல்லப் பாடியபடி கூட்டுகிறார்.

"இண்டைக்கு மூடேல்லையோ அக்கா?"

"இண்டைக்கு ஒருத்தரும் கடலுக்குப் போகேல்லை தம்பி. என்ரை மனிசன் வீட்டிலை நல்ல நித்திரை. மற்ற நாளிலை அவர் கரைக்கு வருமட்டும் உந்தக் கடலைப் பாத்தால் எனக்குக் கை ஓடாது."

மறுநாள் காலை. நான் தேடி வந்த கடல் இதுதான், அலையே இல்லை. தூரத்தில் படகுகள் புள்ளி புள்ளியாகத் தெரிகின்றன. தேநீர் ஆறுவதும் தெரியாமல் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

அக்கா கதவைத் தட்டுகிறார். எழுந்துபோய் முதலில் திரைச்சீலையை மூடுகிறேன்.