கேட்டுவிட்டு வெட்டுபவர்

கிளிநொச்சியில் கொடித்துணி விற்கும் அவருக்குச் சிவப்பும் பச்சையும் பிரித்துத் தெரியாதாம். ஒல்லியான மனிதர், காதில் எப்போதும் பென்சில். "இது என்ன நிறமெண்டு பாத்துச் சொல்லுங்கோ" என்று கேட்டுவிட்டுத்தான் துணியை வெட்டுவார்.

போன கார்த்திகையில், மாவீரர் நாள் நெருங்கிய நேரம், அவருடைய கடை வாசலில் சிவப்பும் மஞ்சளுமாகக் கொடிகள் தொங்கின. அவை தடைசெய்யப்பட்ட இயக்கத்தின் நிறங்கள் என்று பொலிஸ் வந்துவிட்டது.

"மஞ்சளும் பச்சையும் எண்டு நினைச்சுத்தான் கட்டினனான், சேர்."

பொலிஸ்காரர் சிரித்து, கழற்றச் சொல்லிவிட்டுப் போனார். கடையில் நின்ற எனக்குச் சிரிப்பு வரவில்லை.

தை மாதம் மகளின் விளையாட்டுப் போட்டிக்குப் பச்சைத் துணி கேட்டேன். அருகருகே கிடந்த சிவப்பு, பச்சைச் சுருள்களில் பச்சையை இழுத்து, என்னிடம் எதுவும் கேளாமல் வெட்டினார். நான் அவரையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

மடித்துத் தந்த பிறகுதான் கேட்டார்: "இது பச்சைதானே?"