மூன்று முறை முடித்த புகார்

நகராட்சி அலுவலகத்தில் அவளை எல்லோரும் 'ஹலோ அக்கா' என்றுதான் கூப்பிடுவார்கள். பதினோரு வருடமாகப் புகார் மையத்தில் தொலைபேசி எடுக்கிறவள். வீட்டில் கைபேசி அடித்தாலும் வாய் தானாக "வணக்கம், நகராட்சி புகார் மையம்" என்று ஆரம்பித்துவிடும். ஒருமுறை சொந்த நாத்தனாரிடமே "உங்க வார்டு நம்பர் சொல்லுங்க" என்று கேட்டுவிட்டாள். நாத்தனார் ஒரு மாதம் பேசவில்லை. "பரவாயில்ல, ஒரு மாசம் நிம்மதி" என்றார் கணவர்.

ஜன்னல் இல்லாத சின்ன அறை. சுவரில் ஓரம் கிழிந்த ஊர் வரைபடம். தண்ணீர் வரவில்லை, விளக்கு எரியவில்லை, குப்பை வண்டி எட்டிப் பார்க்கவில்லை என்று நாள் முழுக்க ஊர் அவள் காதில் கத்தும். அவள் பொறுமையாகத் தட்டச்சு செய்து புகார் எண் கொடுப்பாள். சாயங்காலம் பொறியாளர் பிரிவிலிருந்து முடிந்த வேலைகளின் பட்டியல் வரும். ஒவ்வொன்றுக்கும் நேராக 'முடிந்தது' என்று அழுத்துவாள். உடனே புகார் சொன்னவருக்குக் குறுஞ்செய்தி போய்விடும். அந்தத் தெருக்களில் பாதியை அவள் கண்ணால் பார்த்ததில்லை.

மழைக்காலத்துக்கு முன்னால் ஏழாம் வார்டிலிருந்து ஒருவர் கூப்பிட்டார். லாரி ஓட்டி ஓய்ந்தவர்.

"அம்மா, எங்க சந்து முனையில சாக்கடை மூடி உடைஞ்சு கிடக்கு. ஒரு ஆள் முழுசா உள்ள போயிடலாம். இப்போதைக்கு நான் ஒரு மரக்கிளைய நட்டு வச்சிருக்கேன்."

நான்கு நாளில் அந்தப் புகார் பட்டியலில் வந்தது. அழுத்தினாள். மறுநாளே அவர் மறுபடியும் கூப்பிட்டார்.

"சரி பண்ணியாச்சுன்னு மெசேஜ் வந்துச்சும்மா. போய்ப் பார்த்தேன். குழி அப்படியேதான் இருக்கு, நான் நட்ட கிளையத்தான் காணோம்."

இருவரும் சிரித்துவிட்டார்கள். அவள் புதிதாகப் பதிந்தாள். அதுவும் முடிந்ததாக வந்தது, அழுத்தினாள். குழி மட்டும் மூடப்படவில்லை. அவர் சொன்ன மூன்றாவது புகாரும் முடிந்ததாக வந்தபோது, மனம் கேட்காமல் பொறியாளர் பிரிவுக்கே பேசினாள். "ஒப்பந்தக்காரர் போட்டோ அனுப்பிட்டாரு, அக்கா. போட்டோவுல மூடி நல்லாத் தெரியுது" என்றார்கள். படத்தைக் காட்டுங்கள் என்று கேட்டிருக்கலாம். அன்றைக்கு நாற்பது புகார் பாக்கி இருந்தது. அழுத்திவிட்டாள்.

செவ்வாய்க்கிழமை மழை கொட்டித் தீர்த்தது. புதன்கிழமை காலை அவர் குரல்.

"புகார் எழுத வேண்டாம்மா. நேத்து சாயங்காலம் என் வீட்டுக்காரி பஸ்ஸ விட்டு இறங்கி வந்திருக்கா. முழங்கால் தண்ணி. குழி எங்க, ரோடு எங்கன்னு தெரியல. விழுந்துட்டா. இடுப்பெலும்பு முறிஞ்சு போச்சு. உங்ககிட்ட சொல்லணும்னு தோணுச்சு, அவ்வளவுதான்."

வைத்துவிட்டார். அடுத்த அழைப்பு அடித்து அடித்துத் தானாக ஓய்ந்தது. அவள் எடுக்கவில்லை.

விஷயம் செய்தித்தாளில் வந்தது, விசாரணை என்றார்கள். பொறியாளர் அவளைத் தன் அறைக்கு அழைத்தார்.

"பயப்பட ஒண்ணும் இல்லம்மா. புகார் சொன்னவர் சந்துப் பேரைத் தப்பாச் சொன்னார், அதனால பக்கத்துச் சந்துல மூடி போட்டுட்டோம்னு ஒரு கடிதம். உங்க மேலயும் தப்பு வராது, எங்க மேலயும் வராது."

"அவர் சரியாத்தான் சார் சொன்னார்."

"அடுத்த மாசம் உங்க ஒப்பந்தத்தப் புதுப்பிக்கணும் இல்ல?"

கடிதம் ஏற்கெனவே அச்சாகி மேசை மேல் இருந்தது. பேனாவையும் அவரே நீட்டினார். கையெழுத்தைப் போட்டுவிட்டாள்.

"போட்டாச்சு, விட்டுத்தள்ளு. ஊர் வம்ப விலைக்கு வாங்காத" என்றார் கணவர். அவர் பேருந்து நடத்துநர். தினமும் நூறு பேரோடு மல்லுக்கட்டிவிட்டு வந்து நிம்மதியாகத் தூங்குகிறவர். அவளுக்கோ தூக்கம் வரவில்லை.

இரண்டு வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை ஏழாம் வார்டுக்குப் போனாள். சந்து முனையில் புதுக் கான்கிரீட் மூடி பளிச்சென்று கிடந்தது. விபத்துக்குப் பிறகு அந்த வேலை மட்டும் இரண்டே நாளில் நடந்திருந்தது.

கதவைத் திறந்தவர் நரைத்த மீசைக்காரர். "அம்மாவப் பார்த்துட்டுப் போலாம்னு வந்தேன்" என்றாள். அவர் தலையைச் சாய்த்துக் கேட்டார்.

"அட, போன் எடுக்கிறவங்கதானே நீங்க? உள்ள வாங்க. இந்தா, யாரு வந்திருக்காங்க பாரு! நாலு ஆபீசுக்குப் பேசினேன், மதிச்சுப் பதில் சொன்னது இவங்க ஒருத்தர்தான்."

கட்டிலில் படுத்திருந்த அவர் மனைவி முகத்தை மட்டும் திருப்பினாள். கால் பக்கம் எடை கட்டித் தொங்கியது. "பதில் சொன்னாங்க, சரி. குழிய மூடலையே" என்றாள்.

வரும் வழியெல்லாம் ஒத்திகை பார்த்திருந்த ஆறுதல் வார்த்தைகள் எல்லாம் அவளுக்கு மறந்துபோயின. "முடிஞ்சதுன்னு மூணு தடவையும் அழுத்தினது நான்தான். நீங்க சந்துப் பேரைத் தப்பாச் சொன்னீங்கன்னும் எழுதிக் குடுத்துட்டேன்" என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டாள்.

திட்டுவார் என்று நினைத்தாள். அவர் கட்டில் ஓரத்தில் மெதுவாக உட்கார்ந்தார்.

"முப்பத்தி நாலு வருஷம் லாரி ஓட்டினேன். பாஷை தெரியாத ஊருக்கெல்லாம் போயிருக்கேன். ஒரு தடவை கூட விலாசம் தவறினதில்ல. குடியிருக்கிற சந்தோட பேரு தெரியாதவன்னு என்னை எழுதிட்டீங்களே."

மறுநாள் அலுவலகத்தில் அவள் இன்னொரு கடிதம் எழுதினாள். மூன்று புகார் எண்கள், அவர் சொன்ன சந்துப் பெயர், தான் முடித்துவைத்த மூன்று தேதிகள், முதல் கடிதம் யார் சொல்லி எழுதியது என்பது. பொறியாளரைத் தாண்டி விசாரணை அதிகாரியிடமே கொடுத்து, நகலில் முத்திரையும் வாங்கிக்கொண்டாள். "உனக்கென்ன பைத்தியமா?" என்றார் கணவர். அன்று இரவு அவருக்கும் தூக்கம் வரவில்லை.

விசாரணை எட்டு மாதம் இழுத்தது. ஒப்பந்தக்காரரை நீக்கினார்கள். பொறியாளர் வேறு ஊருக்கு மாற்றலானார். அது தண்டனை இல்லை, பதவி உயர்வு என்றும் பேச்சு. அவளுடைய ஒப்பந்தத்தை மட்டும் ஆள்குறைப்பு என்று சொல்லிப் புதுப்பிக்கவில்லை. மூன்று மாதம் அலைந்து, கூரியர் கடை ஒன்றில் பார்சல் ஒட்டும் வேலையில் சேர்ந்தாள்.

அறிக்கை வெளிவந்ததும் ஒரு நகல் எடுத்துக்கொண்டு ஏழாம் வார்டுக்கு நடந்தாள். 'புகார்தாரர் சந்தின் பெயரைச் சரியாகவே தெரிவித்துள்ளார்' என்று ஒன்பதாம் பக்கத்தில் ஒரு வரி. அவர் கண்ணாடி போட்டு இரண்டு முறை படித்தார். நான்காக மடித்து, பழைய ஓட்டுநர் உரிமம் இருந்த உறைக்குள் வைத்தார்.

அவர் மனைவி கைத்தடியை ஊன்றி உள்ளிருந்து அடியடியாக வந்தாள். வாசலைத் தாண்டி அவள் வெளியே போவதே இல்லையாம். வந்து நின்று, மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னாள்:

"வெயில்ல வந்திருக்காங்க. தண்ணியாவது குடுங்க."